அம்மா திமிங்கலத்தை அளந்த நாள்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு அது தொடங்கியது. நூற்பாலைச் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. எங்கள் தெருவில் கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்திக்கொள்வார்கள் என்பதால், மணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. சங்கு ஓய்ந்ததும் தெருவில் வழக்கமாகச் சிறிது நேரம் எந்தச் சத்தமும் இருக்காது. அந்த அமைதிக்குள் அத்தையின் குரல் கடற்கரையிலிருந்து வந்தது. அதில் சொல் எதுவும் இல்லை, குரல் மட்டும்தான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த வீட்டில் இருந்தாள். முந்தின நாள் பிற்பகல் அவளுடைய தம்பிகள் இருவரும், அதாவது என் அப்பாவும் சித்தப்பாவும், எங்கள் சிறிய வள்ளத்தில் வலைக்குப் போயிருந்தார்கள். விடிவதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். இரவெல்லாம் வாடைக் காற்று ஓட்டைப் பெயர்ப்பது போல் அடித்தது. அத்தை இருட்டு விலகுமுன் எழுந்து கரைக்குப் போய்விட்டாள். அங்கே, கல்லெறி தூரத்துக்குச் சற்று அப்பால், ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள்.

துறைமுகத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் கடற்கரையில் பிறந்த யாரும் அதை வேறு எதுவாகவும் பார்த்திருக்க முடியாது. நனைந்து மினுங்கும் கருத்த முதுகு. அதன் நடுவே, வள்ளத்தின் அடியில் ஓடும் ஏராக் கட்டையைப் போல் நீளவாக்கில் ஒரு மேடு. ஒரு முனைக்குப் பக்கத்தில், சுக்கான் நிற்கும் இடத்தில், சற்றே வளைந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு. உப்பளத்துக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் பாறை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். நாங்கள் வள்ளம் செய்கிறவர்கள், வள்ளத்தில் போகிறவர்கள், வள்ளம் கவிழ்ந்து சாகிறவர்கள். எங்கள் கண்ணுக்கு அது வள்ளமாகத்தான் இருந்தது.

கவிழ்ந்த வள்ளம் கண்ணில் பட்டால் கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பார்கள். மணி கேட்டதும் தெருவில் எரிகிற அடுப்பை எல்லாம் அணைத்துவிட வேண்டும். யார், என்ன என்று தெரிகிறவரை எந்தக் குசினியிலிருந்தும் புகை எழக்கூடாது. அம்மா காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கத் தொடங்கியதும் அந்தத் தண்ணீரையே எடுத்து அடுப்பில் ஊற்றினாள். சாம்பல் எழும்பி அவள் முகமெல்லாம் படிந்தது. அதைத் துடைக்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓட வேண்டிய நேரத்தில் அம்மா ஏன் நடக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கரையில் பெண்கள் அத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தம்பிகள் ஒவ்வொருவரும் பிறந்த கதையிலிருந்து தொடங்கி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. அது சிலருக்கு நன்றாகப் படவில்லை என்பது அவர்கள் பார்த்த பார்வையில் தெரிந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, நான்கைந்து பேருடன் ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போனார். அவர்கள் நெருங்கினார்கள். மாமா எழுந்து நின்று, கவிழ்ந்த வள்ளத்தின் மேல் கயிற்றை வீசக் கையை ஓங்கினார்.

அப்போது வள்ளம் மூச்சு விட்டது.

வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. லாரி டயரில் காற்றைத் திறந்துவிட்டது போல ஒரு சத்தம். வெண்மையாக நீர்த்திவலை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, வாடையில் சாய்ந்து, மாமாவின் மேல் விழுந்தது. மாமா பின்பக்கமாக வள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வள்ளமும் கவிழ இருந்தது.

“வள்ளம் இல்ல,” என்று மாமா கரையைப் பார்த்துக் கத்தினார். “மீனு. பெரிய மீனு.”

அத்தை ஒப்பாரியின் நடுவில் நிறுத்தினாள். சித்தப்பாவுக்கு அம்மை போட்டிருந்த இடத்தில் கதை நின்றது. பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கோயில் மணியை இடைவெளி விட்டு மெதுவாக அடித்தார்கள். ஆபத்து இல்லை என்று அதற்குப் பொருள். தெருவில் ஒவ்வொரு குசினியாகப் புகை எழுந்தது.

அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏளா, அதான் மீனுன்னு ஆயிட்டுல்லா,” என்றாள் அத்தை. “போயி அடுப்பப் பத்த வச்சி காப்பியப் போடு. எனக்கும் ஒரு மடக்கு கொண்டா. கத்திக் கத்தி தொண்ட கட்டிட்டு.”

“மீனு வந்துட்டு, மைனி,” என்றாள் அம்மா. “அவுக வரலியே.”

அத்தைக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அன்று காலையில் எங்கள் தெரு முழுவதும் ஒரு கணக்கைப் போட்டிருந்தது. கவிழ்ந்தது வள்ளம் இல்லை, ஆகவே வள்ளம் கவிழவில்லை. அழுது முடித்துவிட்டதால் அழுததற்கான காரணமும் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். தப்புச் சொல்ல முடியாது. ஒரே காலையில் இரண்டு முறை பயப்பட யாருக்கும் தெம்பு இருக்காது.

வெயில் ஏறுவதற்குள் அலை அந்த மீனைத் தள்ளித் தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆண்கள் வாலில் கயிறு கட்டித் திரும்ப ஆழத்துக்கு இழுத்துப் பார்த்தார்கள். கயிறுதான் அறுந்தது. இழுத்த இழுப்பில் அதன் உடம்பு திரும்பி, தலை கடலையும் வால் கரையையும் பார்த்தபடி மணலில் பதிந்துவிட்டது. செய்தி முத்தையாபுரம் வரைக்கும் போயிற்று. சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்தார்கள். சேமியா ஐஸ் விற்கிறவர் வந்தார். அதற்குள் மாமாவுக்கும் இன்னும் சிலருக்கும் முகம் மாறத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நேரம் வரவில்லை என்றால் தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார்; இல்லை, கிழக்கே தள்ளியிருக்கும் என்று இன்னொருவர். கூட்டத்துக்குத் தெரியாமல் பேசி, இரண்டு வள்ளங்கள் தேடப் புறப்பட்டன. ஒன்று வடக்கே, மாமா இருந்தது கிழக்கே; தெற்கே ஒதுங்கியிருந்தால் கரையோர ஊர்களிலிருந்து இதற்குள் சேதி வந்திருக்கும் என்றார்கள்.

நான் அந்த மீனின் வாய்ப்பக்கம் நின்றிருந்தேன். அத்தை மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். என் காதருகில் வந்து சொன்னான்: “ஒங்க அப்பாவ இதுதான் முழுங்கிட்டு. வள்ளத்தோட. நல்லாப் பாரு, வயிறு உப்பியிருக்குல்லா.”

“ஒங்க மாமாவுந்தாம்லே அவுக,” என்றேன்.

அதை அவன் யோசித்திருக்கவில்லை போலிருந்தது. கூட்டத்துக்குள் போய்விட்டான். ஆனால் எனக்குள் அது தங்கிவிட்டது. வயிறு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. நான் அதன் வாயைப் பார்த்தேன். வாய், தலையின் நீளம் முழுக்கப் போயிற்று. அந்த வாயின் ஓரம் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத ஒரு சிறிய கண். மாட்டுக் கண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது திறந்திருந்தது.

ஜீப்பில் ஒரு சார் வந்து இறங்கினார். மீன்களைப் பற்றி ஆராய்கிற ஏதோ அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். இளவயதுக்காரர். மேற்கே, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஷூவைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துவிட்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியவர், அதன் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், “புஸ்தகத்துலதானுங்க பாத்திருக்கேன்,” என்றார்.

அவரிடம் ஒரு நீளமான அளவு டேப் இருந்தது. டேப்பின் ஒரு முனையை யாராவது அந்த மீனின் மூக்கு நுனியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு கண்ணுக்கு, துடுப்புக்கு, முதுகுத் துடுப்புக்கு, வாலுக்கு என்று போவார். ஆண்களில் பலர் தேடப் போயிருந்தார்கள். மீதிப் பேர் ஒதுங்கினார்கள். அம்மா அதன் மூக்கு நுனிக்குப் பக்கத்தில், புடவை முழங்கால்வரை நனைய, கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, சும்மாதானுங்களே நிக்கறீங்க,” என்றார் சார். “இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”

பக்கத்தில் நின்ற பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். அவள் ஏன் வாங்கினாள் என்று பிற்பாடு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று அந்தக் கரையில், வள்ளம் இல்லாமல் ஒரு பெண் கடலுக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க முடியுமோ, அந்த இடம் அந்த மூக்கு நுனிதான். டேப்பைப் பிடித்திருக்கிறவரை அவளை யாரும் கரைக்கு வரச் சொல்ல முடியாது.

சார் நல்லவர். தனக்குத் தெரிந்ததை எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். இது மீனே இல்லை என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மீனின் வால் நட்டுக்க நிற்கும், இதன் வாலைப் பாருங்கள், விரித்த முறம் போலப் படுத்திருக்கிறது என்று காட்டினார். எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து மீன் வாலைப் பார்க்கிறவர்கள். ஒருவர் குனிந்து பார்த்து, “ஆமாலே,” என்றார். அதன் பிறகு சிரிப்பு இல்லை.

உச்சந்தலையில் இரண்டு மூக்குத் துளைகள். அங்கிருந்து மூக்கு நுனி வரைக்கும், ஒன்றுக்கொன்று பக்கத்தில், மூன்று வரம்புகள் ஓடின. வயலில் வரப்பு போட்டது போல, கையால் தடவினால் தெரிகிற வரம்புகள். “இந்த மூணும் வேற எந்தத் திமிங்கலத்துக்கும் கெடையாதுங்க,” என்றார் சார். “மத்ததுக்கெல்லாம் நடுவுல ஒண்ணே ஒண்ணுதான். இதை வெச்சுத்தான் இது இன்னதுன்னு சொல்றது.” அவர் சொன்ன பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அம்மா ஒரு கையால் டேப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நடு வரம்பை மெதுவாகத் தடவினாள். தோல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உரித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாள்.

மேலே புகை படிந்த கருப்பு. கீழே போகப் போக வெளுத்து, வயிற்றில் இலேசான சிவப்பு. அங்கங்கே, யாரோ கரண்டியால் வழித்து எடுத்தது போல வட்ட வட்டத் தழும்புகள். சிறு சுறா கடித்த இடங்கள் என்றார். முகவாய்க்குக் கீழே தொடங்கி வயிறு வரைக்கும் நெருக்கமாக மடிப்புகள், புதுப் புடவையின் கொசுவத்தைப் போல. இரை எடுக்கும்போது அந்த மடிப்புகள் விரிந்து, தொண்டை ஒரு பெரிய பையாக உப்பும்; தண்ணீரோடு சாளை, நெத்திலி எல்லாவற்றையும் அள்ளிவிடும். மடிப்புகள் தொப்புள்வரைக்கும் போகின்றன என்றார்.

“தொப்புளா?” என்றாள் அத்தை.

“ஆமாங்க. குட்டி போட்டுப் பால் குடுக்கறதாச்சே.”

“அப்பம் இதுக்கும் ஒரு ஆத்தா இருக்கா எங்கனயாவது,” என்றாள் அத்தை. அதைச் சொல்லிவிட்டு அவள் அதன் வால் பக்கமாக நடந்தாள்.

பிறகு சார் வள்ளத்துத் துடுப்பு ஒன்றை வைத்து அதன் மேலுதட்டை நெம்பிக் காட்டினார். பல் என்று ஒன்றுகூட இல்லை. மேல் தாடையிலிருந்து வரிசையாகத் தகடுகள் தொங்கின. சிலேட்டு நிறம், கையால் வளைத்தால் வளையும். உள்பக்க விளிம்பில் தென்னை நாரைப் போல முரட்டு மயிர் அடர்ந்திருந்தது. வாயை மூடி நாக்கால் தண்ணீரைத் தள்ளினால் தண்ணீர் இதன் வழியாக வெளியே போய்விடும், மீன் உள்ளே நின்றுவிடும்.

“வாய்க்குள்ளயே வலை வச்சிருக்கு,” என்றார் ஒருவர். “நம்மள மாதிரி ஒக்காந்து பின்ன வேண்டாம்.”

நான் துணிந்து முன்னால் போய், அது ஆளை விழுங்குமா என்று சாரிடம் கேட்டேன். அவர் சிரித்து, இரண்டு கைவிரல்களையும் சேர்த்து ஒரு சிறிய வட்டம் காட்டினார். வாய்தான் பெரிது, உள்ளே இறங்குகிற வழி இவ்வளவுதான். ஒரு தேங்காய்கூட இறங்காது என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்பா அதன் உள்ளே இல்லை. அந்த மகிழ்ச்சியில், அப்படியானால் அவர் எங்கே என்கிற கேள்வி எனக்கு வரவே இல்லை. அத்தை மகனைத் தேடிப் போய் அந்த வட்டத்தைக் கையால் காட்டிவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அம்மா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள் அம்மா. பள்ளிக்கூடத்தில் என் டீச்சரிடம்கூட ஒன்றும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வருவாள். அன்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“முங்கினா எம்புட்டு நேரம் மூச்சப் பிடிச்சிட்டுக் கெடக்கும், சார்?”

“கால் மணி நேரம்வரைக்கும் தாங்குமுங்க. அதுக்கப்புறம் மேல வந்தே ஆகணும்.”

“அம்புட்டுத்தானா.” சற்று நேரம் கழித்து, “ராத்திரி பூரா தண்ணியில கெடந்தா வெறைக்காதா?”

தோலுக்கு அடியில் கனமான கொழுப்பு இருக்கிறது, அதனால் குளிர் ஏறாது என்று சார் விளக்கினார். கொழுப்பு இல்லாத உடம்பு என்றால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். அப்படிப்பட்ட உடம்பு கடலில் தாங்காது என்றார் அவர், தலை நிமிராமல் எண்ணைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டா சேந்து வந்தா, ஒண்ணுக்கு முடியலன்னா இன்னொண்ணு விட்டுட்டுப் போயிருமா?” பெரும்பாலும் இது தனியாகத் திரியும் வகை என்றார், சில சமயம் இரண்டு சேர்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அப்போது என்ன செய்யும் என்று தெரியாது என்றார். “வழி எப்படித் தப்பும், சார்? இம்புட்டு நாளு இருந்த கடலுதான?” அதுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் அம்மாவுக்குத் திமிங்கலத்தின் மேல் இவ்வளவு ஆர்வம் என்று நினைத்தேன். பிறகு பள்ளியில் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் அப்படியே சொல்லி, டீச்சரிடம் பாராட்டும் வாங்கினேன்.

சென்ற மாதம் ஓர் இரவு என் மகன் மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கைபேசி அணைந்து கிடந்தது. என் கணவர் சாகுபுரம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். வேலையாக மதுரைச் சாலையில் அடிக்கடி போய் வருகிறவர். நான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சாலையில் நடுவே தடுப்பு முழுக்க உண்டா? லாரிகள் எந்த ஓரம் நிறுத்துவார்கள்? ஒரு பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? அவர் பொறுமையாகத் தடுப்பைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் கயத்தாற்றில் ஒரு டீக்கடை பெஞ்சில் தூங்கிவிட்டு, காலையில் வந்து சேர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பேட்டரிக் கேள்வியைக் கேட்டபோதுதான், என் வாயிலிருந்து வருவது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று உச்சி வெயிலில் திமிங்கலம் மூச்சு விடுவது தள்ளித் தள்ளிப் போயிற்று. நாங்கள் எல்லோரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தோம். வராது என்று நினைக்கும்போது ஒன்று வரும். பிறகு வரவில்லை. சார் அந்தச் சிறிய கண்ணுக்கு நேரே குனிந்து, விரலை ஆட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, “போயிடுச்சுங்க,” என்றார்.

அம்மா கடலிலிருந்து சட்டென்று திரும்பினாள். “யாரு?”

“இதுதானுங்க,” என்றார் சார்.

தேடப் போன வள்ளங்கள் பிற்பகலில் திரும்பின. வடக்கே போனதும் ஒன்றும் பார்க்கவில்லை, கிழக்கே போனதும் ஒன்றும் பார்க்கவில்லை. மாமா கரையேறினார். அம்மா இருந்த பக்கம் வரவில்லை. தூரத்திலேயே வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஏற்கனவே சுருட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள். ஐஸ்காரரும் போய்விட்டார். அத்தை அதன் வாலுக்குப் பக்கத்தில் ஈர மணலில் குந்தியிருந்தாள். அவள் வாயிலிருந்து சத்தமே வராததைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கரையில் சாரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். சார் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். டேப்பின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்து, அம்மாவுக்குச் சற்றுத் தள்ளி நின்றார்.

“அக்கா, எனக்குத் தெரியாதுங்க,” என்றார். “நீங்க வீட்டுக்குப் போங்க.”

அம்மா டேப்பை விடவில்லை. “அளந்து முடிச்சிட்டீயளா, சார்?” என்று கேட்டாள்.

அவர் முடித்திருந்தார். எனக்கு அது தெரியும். வால்வரைக்கும் போய், டேப்பைப் பாதி சுருட்டிக்கூட விட்டிருந்தார். அவர் கடலைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். “இல்லீங்க,” என்றார். “இன்னும் இருக்குதுங்க.”

பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூக்கு நுனியிலிருந்து மூக்குத் துளை. மூக்கு நுனியிலிருந்து கண். கண்ணிலிருந்து பின்னால், காது என்று அவர் சொன்ன, குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி. பக்கத்துத் துடுப்பின் அடி, துடுப்பின் நுனி. பின்னோக்கி வளைந்த அந்த முதுகுத் துடுப்பு. அது முடிந்ததும் இன்னொரு பக்கத்திலிருந்து. ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னார், ஆனால் எதையும் எழுதவில்லை. காலையில் சொன்ன அதே எண்கள்தான். இவ்வளவு படித்தவருக்குக் கணக்கு மனதில் நிற்காதா என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தை மகனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

வெயில் மஞ்சளாகி, உப்பளப் பக்கத்திலிருந்து நிழல்கள் நீண்டபோது, தெற்கேயிருந்து வந்த ஒரு லாரி சாலையில் நின்றது. இரண்டு பேர் இறங்கி மணலில் நடந்து வந்தார்கள். இடுப்பில் நல்ல கட்டம்போட்ட வெளிநாட்டுச் சாரமும், முழங்கைக்குக் கீழே கை தொங்கிய வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார்கள். காயல்பட்டினத்து முதலாளிகள் யாரோ வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தபோது அத்தர் மணத்தது. அதில் ஒருவர் என் தலையில் கை வைத்த பிறகுதான் அது அப்பா என்று தெரிந்தது.

நள்ளிரவில் பாய் கிழிந்து, மரம் முறிந்து, வாடை அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்க் காயல்பட்டினத்துக் கரையில் போட்டிருந்தது. ஆண்கள் எல்லாம் துபாயில் இருக்கும் ஒரு வீட்டில் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, பீரோவிலிருந்து துணி எடுத்துக் கொடுத்து, தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். தூங்கி எழுந்து, லாரி பிடித்து வந்திருக்கிறார்கள். வழியில் யாரோ பெரிய மீன் ஒதுங்கியிருப்பதாகச் சொல்ல, வீட்டுக்குப் போகாமல் நேராக அதைப் பார்க்க வந்துவிட்டார்கள். தாங்கள் அன்று காலையிலேயே செத்துப் போனதும், பிறகு பிழைத்ததும், மறுபடி செத்துக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அத்தை எழுந்து, சித்தப்பாவின் முதுகில் ஓங்கி அறைந்தாள். மாமாவின் கையில் இருந்த கயிறு கீழே விழுந்தது. அப்பா அதை எதையும் கவனிக்கவில்லை. வாயைத் திறந்தபடி வாலிலிருந்து தலைவரைக்கும் அதன் நீளத்துக்கு நடந்தார். கடவுள் புண்ணியம் என்றோ என்னவோ தனக்குள் சொல்லிக்கொண்டார். கடைசியில், மூக்கு நுனியில், டேப்பைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முதுகு காட்டி நிற்கும் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

அம்மா திரும்பினாள். அந்தச் சட்டையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்றோ, காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் சொல்லித் திட்டுவாள் என்றோ நான் காத்திருந்தேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை. டேப்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. மறுமுனையில் சார் எண்ணைச் சொல்லாமல் நின்றார்.

அப்பா கையை நீட்டினார். “எங்கிட்ட குடு, நான் பிடிக்கேன்,” என்றார். “எம்புட்டு நேரமாளா இப்படித் தண்ணிக்குள்ள நிக்க?”

அம்மா கொடுக்கவில்லை. இவ்வளவு நேரம் பிடித்திருந்தும் அவளுக்குக் கை வலிக்காதா என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.